லேத்தில் கடையும் குருவி வீடு: கிறிஸ்துமஸ் மரத்துக்கான மர அணி, கட்டை முதல் கிளை வரை

கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டுவதற்காக ஒரு பொருளைக் கடைகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது அதன் எடையைப் பற்றித்தான். வடிவம், வண்ணம், பளபளப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். நான் முதன்முதலில் கடைந்த குருவி வீடு பார்வைக்கு நன்றாகவே அமைந்தது. முழுத் தேக்கில் செய்து, உள்ளே குடையாமல், வாசலுக்கு ஒரு துளை மட்டும் போட்டு முடித்திருந்தேன். சவுக்குக் கிளையில் அதை மாட்டியதும் கிளை வளைந்து, கீழே வைத்திருந்த குடிலின் வைக்கோல் கூரையில் போய் இடித்தது. சமையலறைத் தராசில் நிறுத்தபோது 74 கிராம் காட்டியது. இப்போது நான் கடையும் வீடுகள் 20 முதல் 25 கிராமுக்குள் அடங்குகின்றன. கீழே சொல்லும் படிகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்த எடைக்குறைப்புக்காகவே ஏற்பட்டவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், எந்த வேலையை எதற்காகச் செய்கிறோம் என்பது தானாக விளங்கும்.

இந்த அணி அமெரிக்கக் கடைசல் ஆர்வலர்களிடையே வெகுவாகப் பரவிய ஒன்று. பறவைக்கு மனிதன் வீடு கட்டிக் கொடுக்கும் பழக்கம் அந்தக் கண்டத்தில் மிகப் பழையது. சாக்டா, சிக்கசா முதலிய பூர்வகுடியினர் காய்ந்த சுரைக்குடுக்கைகளைக் குடைந்து கம்பங்களில் தொங்கவிட்டு, ஊதா மார்ட்டின் என்னும் தகைவிலான் இனப் பறவைகளைக் குடியேற்றினார்கள். இன்றும் அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் அப்பறவை ஏறக்குறைய முழுவதுமாக மனிதர் வைத்த கூடுகளை நம்பியே இனப்பெருக்கம் செய்கிறது. அங்கே வீட்டுத் தோட்டங்களில் வைக்கும் மரப்பெட்டிகளின் சிறு உருவத்தைத்தான் நாம் லேத்தில் கடையப் போகிறோம். நம் ஊர்த் தூக்கணாங்குருவிக்கு இந்த உதவியெல்லாம் தேவைப்பட்டதில்லை. தொங்கும் வீட்டை அது தானே முடைந்துகொள்கிறது.

அளவும் விகிதமும்

வீட்டுக்கு நான்கு உறுப்புகள் உண்டு. நடுவில் உருளை வடிவ உடல், மேலே கூம்புக் கூரை, அடியிலிருந்து கூராக இறங்கும் மெல்லிய தண்டு, வாசலுக்குக் கீழே குருவி உட்காரும் குச்சி. நான் கடைப்பிடிக்கும் அளவுகளில் உடலின் உயரம் 42 மி.மீ.; அதன் விட்டம் மேல் விளிம்பில் 34 மி.மீ., கீழ்ப்பகுதியில் 31 மி.மீ. கூரையின் உயரம் 34 மி.மீ., அகலம் 48 மி.மீ.; ஆகவே இறவாரம் சுவரைத் தாண்டிச் சுற்றிலும் 7 மி.மீ. நீண்டு நிற்கும். கூர்த்தண்டு 46 மி.மீ. நீளம் தொங்கும். வாசல் துளை 10 மி.மீ., குச்சித் துளை 3 மி.மீ.

வாசலின் அளவை மட்டும் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பலரும் தவறுவது இதில்தான். அமெரிக்காவில் கிழக்கத்திய நீலப்பறவைக்கு வைக்கும் பெட்டியில் 38 மி.மீ. துளை போடுவார்கள், பெட்டியின் உள்ளகலம் 4 அல்லது 5 அங்குலம் இருக்கும். அதாவது வாசல் என்பது வீட்டின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நம் வீட்டின் சராசரி அகலம் 33 மி.மீ. என்பதால் 10 மி.மீ. சரியாகப் பொருந்துகிறது. 6 மி.மீ. துளை போட்டால் மிளகுத்தூள் டப்பா மாதிரி ஆகிவிடும்; 14 மி.மீ. போட்டாலோ உள்ளே இருக்கும் வெறுமை கண்ணில் உறுத்தும்.

உட்காரும் குச்சி உண்மையில் அலங்காரம் மட்டுமே. நீலப்பறவைப் பெட்டிகளில் குச்சி வைக்கவே கூடாது என்று அங்குள்ளவர்கள் வற்புறுத்துவார்கள், ஏனென்றால் அந்தக் குச்சி நீலப்பறவையைவிடச் சிட்டுக்குருவிக்கே உதவுகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோய் விடப்பட்ட சிட்டுக்குருவி, அங்கே பிற பறவைகளின் கூட்டைப் பறிக்கும் வேண்டாத விருந்தாளி. இங்கே நாம் காணவில்லையே என்று ஏங்குவதும் அதே குருவியைத்தான். அணியில் குச்சி இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு அது குருவி வீடு என்றே தோன்றாது என்பதால் நான் வைத்துவிடுகிறேன்.

மரம்

உடலுக்கு வெளிர்நிற மரமும், கூரைக்கும் தண்டுக்கும் அடர்நிற மரமும் எடுப்பாக இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பால் வடிப்பது நின்றுபோன ரப்பர் மரங்கள் அறுக்கப்பட்டுப் பலகைகளாகின்றன. உடலுக்கு அதைவிடத் தோதான மரத்தை நான் இன்னும் காணவில்லை. கன செ.மீ.க்கு 0.6 கிராம் அளவில் அது லேசானது, ரேகை அடக்கமானது, உளிக்கு இணங்கி வருவது. ஆனால் அறுத்த சில நாள்களிலேயே நீலம் பாய்ந்து, வண்டு துளைத்துவிடும் குணம் அதற்கு உண்டு. ஆகையால் போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்திக் காயவைத்த பலகையாகவே வாங்க வேண்டும். சிறு துண்டுகளை விரல்போலக் கோத்து ஒட்டிய பலகை என்றால், ஒட்டு விழுந்த இடத்தைத் தவிர்த்து அறுத்துக்கொள்ளுங்கள். வெட்பாலை, மஞ்சள் கடம்பு ஆகியவையும் நன்றாக வரும்.

கூரைக்குத் தேக்கின் வைரப்பகுதி போதும். ஈட்டி மரத்தில் கூரை செய்தால் நிறம் அற்புதமாக இருக்கும். ஆனால் அது கன செ.மீ.க்கு 0.83 கிராம் வரை கனக்கும், போதாததற்கு அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சில் தொல்லையையும் உண்டாக்கும். அதனால் ஈட்டியைக் கூர்த்தண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். மெல்லிய தண்டுக்கு இழை நெருக்கமான கடினமரம் அவசியம், எடையோ இரண்டு கிராமைத் தாண்டாது. மரச்சாமான் பட்டறையில் கழிவாகக் கிடக்கும் துண்டுகளே இதற்கெல்லாம் தாராளம்.

கட்டைகளை இந்த அளவில் அறுத்துக்கொள்ளுங்கள்: உடலுக்கு 45 மி.மீ. சதுரத்தில் 75 மி.மீ. நீளம், கூரைக்கு 55 மி.மீ. சதுரத்தில் 65 மி.மீ. நீளம், தண்டுக்கு 16 மி.மீ. சதுரத்தில் 90 மி.மீ. நீளம். மூன்றிலும் மரத்தின் ரேகை நீளவாக்கில், அதாவது லேத்தின் அச்சோடு ஓட வேண்டும். கணுவும் வெடிப்பும் கூடாது. வெட்டி ஓராண்டாவது நிழலில் காயாத பச்சை மரத்தைத் தொடாதீர்கள். மெல்லிய சுவர் முட்டைவடிவமாகக் கோணி, பண்டிகைக்கு முன்பே கூரைக்கும் உடலுக்கும் இடையில் இடைவெளி விட்டுவிடும்.

கருவிகளும் எச்சரிக்கையும்

சிறிய மேசை லேத் போதும். கட்டையைக் கவ்விச் சுழற்றும் நான்கு தாடைச் சக், கட்டையின் மறுமுனைக்கு முட்டுக்கொடுக்கும் சுழலும் சென்டர், டெயில்ஸ்டாக்கில் (லேத்தில் சக்குக்கு எதிரே நகரும் பகுதி) பொருத்தும் டிரில் சக், 25 மி.மீ.யிலும் 20 மி.மீ.யிலும் ஒவ்வொரு ஃபோர்ஸ்ட்னர் பிட் (தட்டையான அடியுள்ள குழி போடும் பிட்), 10, 6, 3, 1 மி.மீ. டிரில் பிட்டுகள் ஆகியன வேண்டும். உளிகளில், சதுரக் கட்டையை உருட்டுவதற்கு அகன்ற குழி உளி, வடிவத்துக்கு 10 மி.மீ. குழி உளி, சாய்வு உளி, அறுத்தெடுப்பதற்கு 3 மி.மீ. பார்ட்டிங் உளி என நான்கு இருந்தால் வேலை முடியும். இவற்றுக்கெல்லாம் மேலானது சாணைக்கல். இவ்வளவு சிறிய பொருளில் மழுங்கிய உளியால் வரும் சேதத்தை உப்புத்தாளால் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் தேய்த்துக் கழிக்க அங்கே மரமே இருக்காது.

முகத்தை முழுவதும் மறைக்கும் கவசமும், தூசிக்கு முகமூடியும் அணியுங்கள். கையுறை, தொங்கும் சட்டைக்கை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, கையில் கட்டிய கயிறு எதுவும் சுழலும் லேத்தின் அருகே வரக்கூடாது. நீண்ட கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும்.

உடல்

வாசலைக் கட்டை சதுரமாக இருக்கும்போதே துளைத்துவிடுவது நல்லது. உருட்டிய பிறகு துளைக்கப் போனால் வளைந்த பரப்பில் பிட் வழுக்கி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். குடைந்த பிறகு துளைத்தால் உட்புறத்தில் சிலாம்பு பெயரும். கட்டையின் நான்கு முகங்களில் ரேகை அழகாகத் தெரியும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் நடுவே நீளவாக்கில் ஒரு கோடு போடுங்கள். சக் பிடிக்கப் போகும் முனையிலிருந்து 29 மி.மீ. தூரத்தில் குச்சிக்கும், 42 மி.மீ. தூரத்தில் வாசலுக்கும் புள்ளி வைத்து, இரண்டையும் 14 மி.மீ. ஆழத்துக்குத் துளைக்கவும். இந்தக் கணக்கு எப்படி வந்தது என்றால், சக்கில் அடங்கும் கழுந்துக்கு (விட்டம் குறைத்துச் சீவிய முனை) 8 மி.மீ., பின்னால் அறுத்தெடுப்பதற்கு 8 மி.மீ. என முதல் 16 மி.மீ. கழிவுக்குப் போய்விடுகிறது, வீட்டின் அடித்தளம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த முனையில் பென்சிலால் ‘அடி’ என்று பெரிதாக எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டு, வாசலுக்கு மேலே குச்சி நீட்டிய தலைகீழ் வீடு ஒன்றை நான் செய்து முடித்திருக்கிறேன்.

இனி கட்டையை இரண்டு சென்டர்களுக்கு இடையே பொருத்தி, நிமிடத்துக்கு 1200 சுற்று அளவில் உருட்டுங்கள். சுமார் 44 மி.மீ. உருளை வந்ததும் ‘அடி’ முனையில் 40 மி.மீ. விட்டமும் 8 மி.மீ. நீளமும் உள்ள கழுந்தை வெட்டவும். கழுந்தின் தோள்பட்டை சக்கின் தாடை முகத்தில் முழுமையாகப் படிய வேண்டும். கழுந்தின் நுனி சக்கின் அடியில் முட்டக்கூடாது. இது சரியாக அமையாவிட்டால், பிறகு எத்தனை முறை இறுக்கினாலும் கட்டை தள்ளாடிக்கொண்டேதான் இருக்கும்.

சக்கில் மாட்டியபின் மேல் முனையைச் சமன் செய்து, அடித்தளக் கோட்டிலிருந்து (கழுந்தின் தோளிலிருந்து 8 மி.மீ. தள்ளி) 42 மி.மீ. உயரம் மட்டும் நிற்கும்படி வெட்டுங்கள். வேகத்தை 500 சுற்றுக்கு இறக்கி, 25 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட்டால் 32 மி.மீ. ஆழத்துக்குக் குடையவும். ஆறு ஏழு மி.மீ.க்கு ஒருமுறை பிட்டை வெளியே இழுத்து மரத்தூளை நீக்க வேண்டும். சோம்பலில் ஒரே மூச்சாக உள்ளே ஓட்டினால் தூள் அடைத்து, பிட் சூடேறி, மரம் கருகும் வாடை வரும், வெடிப்பும் விழும். பிட்டை வெளியே இழுக்கும்போது டிரில் சக்கை இடக்கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அது கூம்புப் பொருத்தத்தில் வெறும் இறுக்கத்தால் மட்டுமே நிற்கிறது. பின்வாங்கும்போது கழன்று, கட்டையோடு சேர்ந்து சுழலத் தொடங்கினால் விரலுக்கு ஆபத்து. ஆழத்துக்குப் பிட்டின் தண்டிலேயே ஒரு துண்டு ஒட்டுத்தாளைச் சுற்றி அடையாளம் வைப்பதே போதுமானது. டெயில்ஸ்டாக்கின் அளவுகோலை நம்பி, அதன் தொடக்கப் புள்ளியைக் கவனிக்காமல் அடித்தளத்தையே துளைத்துக் கழித்த உடல் ஒன்று என் மேசையில் இன்று பென்சில் குவளையாக இருக்கிறது.

ஃபோர்ஸ்ட்னர் பிட்டின் நடுமுள் குழியின் அடியில் ஒரு சிறு பள்ளத்தை விட்டிருக்கும். பிட்டை மாற்றி, அந்தப் பள்ளத்திலேயே 6 மி.மீ. பிட்டை நிறுத்தி, இன்னும் 14 மி.மீ. ஆழம் துளையுங்கள். கூர்த்தண்டுக்கான துளை இதுதான். உடலைத் திருப்பி மாட்டி, அடியிலிருந்து அளந்து துளைக்கிற முறையில் மயிரிழையாவது விலகும். இந்த முறையிலோ லேத்தின் அச்சே துளையின் அச்சாகிவிடுகிறது. தண்டு நேராகத் தொங்குமா கோணலாகத் தொங்குமா என்பது இந்த ஒரு நிமிட வேலையில் முடிவாகிவிடும்.

அடுத்து, திறந்த வாயில் கூம்பு வடிவச் சுழலும் சென்டரை மெல்ல முட்டுக்கொடுத்து, வேகத்தை 1800 சுற்றுக்கு உயர்த்தி வெளிவடிவத்தைக் கடையவும். அதிகமாக அழுத்தினால் மெல்லிய வாய் பிளந்துவிடும். சென்டர் சுழல்கிற அளவுக்குத் தொட்டால் போதும். உளி எப்போதும் பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்தை நோக்கி இறங்க வேண்டும். வாசல் துளையைக் கடக்கும்போது ‘தட் தட்’ என்று ஒரு தாளம் கேட்கும், அது இயல்புதான். தாளம் கரடுமுரடானால் உளி விளிம்பைக் கிள்ளுகிறது என்று பொருள். அப்போது லேத்தை நிறுத்தி, துளையின் ஓரத்தில் உடனடிப் பசையை இரண்டு சொட்டு ஊறவிட்டுக் காயவைத்து, உளியைச் சாணை பிடித்து, காகிதக் கனத்துக்கு மட்டும் சீவல் வரும்படி வெட்டுங்கள். மேலே 34, கீழே 31 மி.மீ. என்று காலிப்பர் காட்டும்போது சுவர் நாலரை மி.மீ.யிலிருந்து 3 மி.மீ. வரை இருக்கும். அதற்கும் கீழே போகும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அடியில் 10 மி.மீ. கனத்துக்குக் குடையாத தளம் இருப்பதால், அந்தப் பகுதியைக் கிண்ணத்தின் அடிபோல உருட்டி உள்ளே இறக்கலாம்.

உப்புத்தாளை 150, 220, 320, 400 என்ற எண் வரிசையில் பயன்படுத்தி, வேகத்தை 800 சுற்றுக்குக் குறைத்துத் தேய்க்கவும். வாசலின் மேல் தாளை ஒரேயடியாக அழுத்தித் தேய்த்தால் வட்டம் முட்டைவடிவமாகிவிடும். அந்த இடத்தில் தாளுக்குப் பின்னால் ஒரு தட்டை மரத்துண்டை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, கீழே சொல்லும் மெருகையும் பூசிவிட்டு, பார்ட்டிங் உளியால் அடித்தளக் கோட்டில் அறுக்கவும். முகம் சற்றே உட்குழிவாக இருக்கும்படி உளியைச் சாய்த்துப் பிடித்தால், பின்னால் தண்டின் தோள் அங்கே இடைவெளியின்றி உட்காரும். உளி 6 மி.மீ. துளையைத் தொட்டதும் உடல் தானே கழன்று கைக்கு வந்துவிடும்.

கூரை

கூரைக் கட்டையையும் முதலில் உருட்டி, முகடு வரப்போகும் முனையில் கழுந்து வெட்டிச் சக்கில் மாட்டவும். இறவாரப் பக்கம் டெயில்ஸ்டாக்கைப் பார்த்திருக்க வேண்டும். அந்த முகத்தின் நடுவில் 25 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. உயரமும் உள்ள வட்டக் கழுந்து ஒன்றைக் கடையுங்கள். உடலின் வாயில் நுழையப்போவது இதுதான். ஒவ்வொரு மெல்லிய வெட்டுக்குப் பிறகும் லேத்தை நிறுத்தி, கையிலுள்ள உடலை மாட்டிப் பாருங்கள். சம்படத்தின் மூடி போல இலேசான இறுக்கத்தோடு ஏறினால் சரியான பொருத்தம். தளர்ந்துவிட்டால் பசை தாங்கும்தான், ஆனால் கூரை நடுவில் நிற்காது.

கழுந்தைச் சுற்றிலும் இறவாரத்தின் அடிப்பக்கத்தைக் குழிவாகக் குடைந்து எடுக்கவும். இதனால் இரண்டு நன்மைகள் உண்டு: எடை குறையும், கூரையின் விளிம்பு மெல்லிய கோடாகத் தெரியும். தடித்த விளிம்புள்ள கூரை, காளான் குடை போலத் தோன்றும். பிறகு கழுந்தின் நடுவிலேயே 20 மி.மீ. பிட்டால் 12 மி.மீ. ஆழம் குடைந்துவிடுங்கள், யார் கண்ணிலும் படாத இடத்தில் இரண்டு மூன்று கிராம் கழிந்துவிடும். அடிப்பக்கத்தை இப்போதே தேய்த்து முடித்துவிட வேண்டும், ஏனெனில் கூரையை அறுத்தெடுத்த பிறகு அதைப் பிடித்துத் தேய்க்க வழியில்லை.

மேற்புறச் சரிவைக் கடைவது கையின் சுவையைப் பொறுத்தது. நேர்க்கூம்பு எளிது, ஆனால் சற்று விறைப்பாக இருக்கும். கோயில் மணியின் வெளிக்கோடு போல முகட்டில் செங்குத்தாகத் தொடங்கி, கீழே வரவரப் படர்ந்து விரியும் வளைவு கண்ணுக்கு இதமானது. வளைவை அதிகம் உள்ளே இழுத்துவிடாதீர்கள். உள்ளே 20 மி.மீ. குழி இருப்பதை மறந்து ஆசையாகக் குழித்தால் ஒரு கட்டத்தில் பகல் வெளிச்சம் தெரியும். ஓடு வேய்ந்த தோற்றம் வேண்டுமானால், சாய்வு உளியின் கூர்முனையால் 5 மி.மீ. இடைவெளியில் மெல்லிய வளையக் கோடுகள் கீறி, அந்தக் கோட்டில் மெல்லிய இரும்புக் கம்பியை அழுத்திச் சுழலவிட்டால் உராய்வுச் சூட்டில் கோடு கருகிக் கறுப்பாகும். கம்பியின் இரு முனைகளிலும் மரப்பிடி கட்டியிருக்க வேண்டும். விரலில் சுற்றிக்கொண்டு செய்வது விரலைப் பந்தயம் வைப்பதற்குச் சமம்.

முகட்டில் 6 மி.மீ. விட்டத்தில் சிறு மணி ஒன்றை விட்டு, அதன் பின்னால் சாய்வு உளியின் முனையால் இருபுறமும் சிறிது சிறிதாக வெட்டிக் கழற்றவும். மணியின் உச்சியில், சரியாக நடுவில், ஒரு மி.மீ. துளை போட்டுப் பித்தளைத் திருகுவளையத்தைத் திருகுங்கள். துளையில்லாமல் திருகினால் அந்தச் சிறு மணி இரண்டாகப் பிளப்பது உறுதி. துளை நடுவிலிருந்து விலகினால் வீடு சாய்ந்து தொங்கும்.

கூர்த்தண்டு

பழக்கம் கைகூட நாளெடுப்பது இந்த உறுப்புக்குத்தான்; முதல் மூன்று நான்கு தண்டுகள் ஒடியும் என்றே எண்ணிக்கொண்டு கூடுதல் கட்டைகளை அறுத்து வையுங்கள். 16 மி.மீ. கட்டையைப் பிடிக்கும் சிறு தாடைகள் சக்கில் இல்லையென்றால், ஒரு கழிவுக் கட்டையைச் சக்கில் மாட்டி, அதன் நடுவில் 12 மி.மீ. துளை போட்டு, தண்டுக் கட்டையின் முனையை அந்த அளவுக்குச் சீவி ஒட்டிவிடலாம்.

2000 சுற்றுக்கு மேல் வேகம் வையுங்கள். நுனி டெயில்ஸ்டாக் பக்கம். தண்டின் வேர் சக் பக்கம். நுனியிலிருந்து தொடங்கிச் சக்கை நோக்கி முன்னேறுவதே இங்கு விதி. நுனியில் ஒரு சிறு நீர்த்துளி வடிவம், அதையடுத்து 3 மி.மீ. வரை மெலிந்து மெல்லப் பருக்கும் நீண்ட கழுத்து, பிறகு ஒரு மணி, ஒரு குழிவு, கடைசியில் உடலோடு சேரும் தட்டு என்பது எனக்குப் பிடித்த வரிசை. ஒவ்வொரு பகுதியையும் கடைந்ததுமே உப்புத்தாள் போட்டு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், ஏனென்றால் பின்பகுதி மெலிந்த பிறகு நுனியைத் தொட்டால் தண்டு நாணல்போல ஆடும். கழுத்தைக் கடையும்போது இடக்கையின் சுட்டுவிரலைத் தண்டின் பின்புறம் பட்டும் படாமலும் வைத்து, உளியின் தள்ளலுக்கு எதிர்முட்டாக்கிக்கொள்ளுங்கள். விரல் சுட்டால் உளியை அதிகமாக அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். டெயில்ஸ்டாக்கின் அழுத்தம் கூடினால் மெல்லிய தண்டு வில்லாக வளையும் என்பதால், நீர்த்துளியைக் கடைந்து முடித்ததும் டெயில்ஸ்டாக்கை விலக்கிவிடுவேன்.

வேரில் 6 மி.மீ. விட்டமும் 8 மி.மீ. நீளமும் உள்ள கழுந்து விட்டு அறுத்தெடுக்கவும். விட்டத்தைச் சரிபார்க்க, ஒரு தகட்டில் 6 மி.மீ. துளை போட்டு வைத்துக்கொண்டால் காலிப்பரைவிட விரைவாக வேலை நடக்கும்.

குச்சி

மூங்கில் குச்சியை 14 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, நுனியைத் தேய்த்து உருட்டினால் போதும். இதற்கெனச் சிறு மணியோடு தனிக்குச்சி கடைபவர்களும் உண்டு. நான் ஒரு நாள் கிராம்பை எடுத்து அந்தத் துளையில் செருகிப் பார்த்தேன்: தண்டு துளைக்கு ஏறக்குறைய ஒத்துவந்தது, மொட்டுத் தலையோ லேத்தில் கடைந்தெடுத்த மணியைப் போலவே வெளியே நின்றது. துளையில் ஒரு சொட்டு உடனடிப் பசை விட்டுச் செருகினால் அசையாது. மரத்தின் அருகே போகிறவர்களுக்குக் கிராம்பு வாசம் சில வாரங்கள் கூடுதல் லாபம். தலை உடையாத, தடித்த கிராம்பாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மெருகு

அரக்கு மெருகை மிஞ்சியது இந்த வேலைக்கு எதுவுமில்லை. 12 கிராம் அரக்குச் செதிளை 100 மி.லி. மெருகு ஸ்பிரிட்டில் போட்டு, கண்ணாடிப் புட்டியில் ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டவும். ஒவ்வொரு உறுப்பையும் லேத்திலிருந்து அறுப்பதற்கு முன், அது மெதுவாகச் சுழலும்போதே காகிதக் கைக்குட்டையில் நனைத்து மூன்று பூச்சுக் கொடுத்து, கடைசியில் வேகத்தைக் கூட்டிக் காய்ந்த காகிதத்தால் அழுத்தினால் உராய்வுச் சூட்டில் பளபளப்பு ஏறும். துணியைப் பயன்படுத்தக் கூடாது; துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும், காகிதமோ கிழிந்துவிடும். வாசல் விளிம்பில் அரக்குத் தேங்கி வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்ணக் கூரை விரும்புகிறவர்களுக்கு நம் பக்கத்துக் கைத்தொழிலிலேயே வழியிருக்கிறது. சென்னபட்டணத்துப் பொம்மைகளிலும் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களிலும் காணும் சிவப்பும் பச்சையும் தூரிகையால் தீட்டியவை அல்ல. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்த, உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறுகிறது. தாழை ஓலையை மடித்து அழுத்தி அதைப் பரப்பி மெருகேற்றுகிறார்கள். ரப்பர் மர உடலின் மேல் சிவப்பு அரக்குக் கூரை வைத்துப் பாருங்கள். கருக்கிய வளையக் கோடுகளையும் இந்த முறையையும் ஒரே கூரையில் சேர்க்க முயலாதீர்கள், அரக்குக் கோடுகளை அடைத்துவிடும்.

சேர்ப்பதும் மாட்டுவதும்

ஒட்டும் இடங்களில் அரக்குப் படிந்திருந்தால் உப்புத்தாளால் சுரண்டிவிட வேண்டும். மெருகின் மேல் மரப்பசை பிடிக்காது. முதலில் தண்டு, பிறகு குச்சி, கடைசியில் கூரை என்ற வரிசையில் ஒட்டுங்கள். கூரையை ஒட்டுவதற்கு முன் அதன் உட்குழியில் ஆண்டையும் மரங்களின் பெயரையும் பென்சிலால் எழுதிவிடுவது என் வழக்கம். வாசலுக்கு நேர் மேலே கூரையின் அழகான ரேகை வரும்படி திருப்பி வைத்து அழுத்தி, திருகுவளையத்தில் நூலைக் கட்டிக் காற்றில்லாத இடத்தில் தொங்கவிட்டுக் காயவிடுங்கள். தொங்கியபடியே காய்ந்தால், பசை இறுகுவதற்கு முன் கூரை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது கண்ணில் பட்டுவிடும். மேசையில் படுக்கவைத்தால் மறுநாள் காலையில்தான் தெரியும்.

காய்ந்தபின் தராசில் வைத்துப் பாருங்கள். 25 கிராமுக்கு உட்பட்டது சவுக்குக் கிளையின் நடுப்பகுதியில் தயங்காமல் நிற்கும். 30ஐத் தாண்டியதைத் தண்டை ஒட்டிய தடித்த கிளைக்கு ஒதுக்க வேண்டும். மின்விளக்குச் சரத்தின் ஒரு சிறு விளக்கு வாசலுக்குப் பின்புறமாக அமையும்படி மாட்டலாம் என்று தோன்றும். உள்ளே விளக்கு வைப்பதற்கென அடியில் தனித்துளை போட்டுச் செய்த வீடுகளைத் தவிர மற்றவற்றில் அதனால் எதுவும் தெரிவதில்லை. வாசல் அறையின் வெளிச்சத்தைப் பார்த்திருந்தாலே உட்புற இருள் எடுப்பாகத் தெரியும். பண்டிகை முடிந்ததும் முட்டை அட்டையின் குழிகளில் கூர்த்தண்டு மேல்நோக்கி நிற்கும்படி, கூரையைக் கீழே வைத்து அடுக்கி, கிராம்பு வைத்த வீடுகளை எறும்பு எட்டாத டப்பாவில் மூடி வையுங்கள்.